நீங்க இங்கிலாந்து சர்ச்சா? ஆங்கிலிக்கன் குடும்பத்தைப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

என் அக்கா மகள் கல்யாணம் கடலூர் முதுநகரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். ஆராதனை முடிந்து பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையில் பிரியாணி விழுவதற்கு முன்பே கேட்டுவிட்டான்.

"அண்ணே, பாதி எங்க பூசை மாதிரியே இருக்கு. அங்கி, பீடம், மெழுகுவத்தி எல்லாம் இருக்கு. நாங்க 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'ன்னு சொல்றத நீங்க 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே'ன்னு சொல்றீங்க. ஆனா போப் பேரே வரல. பாட்டு ஒண்ணு கச்சேரி மாதிரி இருக்கு, அடுத்தது வெள்ளக்காரன் பாட்டு மாதிரி இருக்கு. நீங்கல்லாம் இங்கிலாந்து சர்ச்சா?"

அன்றைக்குப் பந்தியில் வைத்து நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. "ஆமான்னும் சொல்லலாம், இல்லன்னும் சொல்லலாம்பா" என்றேன். அந்தப் பதிலை ஒழுங்காகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. திருச்சபை வரலாறு எதுவும் தெரியாதவர்களும் படிக்கலாம். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

முதலில் பெயர். 'ஆங்கிலிக்கன்' என்பதன் மூலச்சொல் லத்தீனில் 'இங்கிலாந்தைச் சேர்ந்த' என்று பொருள்படும். 1534-ல் எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபை போப்பின் அதிகாரத்திலிருந்து பிரிந்தது. பிரிந்ததற்கு அரசனின் திருமண விவகாரம் உடனடிக் காரணம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது உண்மைதான். ஆனால் நம் கேள்விக்கு அதைவிட முக்கியமானவை அதற்குப் பிறகு நடந்த இரண்டு காரியங்கள்.

ஒன்று, 1549-ல் முதல் பொது ஜெபப் புத்தகம் வெளிவந்தது. அதுவரை லத்தீனில் நடந்த ஆராதனை, உழவனுக்கும் மீனவனுக்கும் புரியும் ஆங்கிலத்துக்கு மாறியது. இரண்டாவது, இங்கிலாந்துத் திருச்சபையின் நம்பிக்கைகளைத் தொகுத்து 1571-ல் முடிவான வடிவம் பெற்ற 39 கோட்பாடுகள். இவற்றில் 24-வது கோட்பாடு, சபையாருக்குப் புரியாத மொழியில் ஆராதனை நடத்துவது வேதத்துக்கே முரணானது என்கிறது. 34-வது கோட்பாடு, மரபுகளும் சடங்குகளும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை, நாட்டுக்கும் காலத்துக்கும் மக்களின் வழக்கத்துக்கும் ஏற்ப அவை மாறலாம், வேதத்துக்கு விரோதமாக எதுவும் இல்லாமல் இருந்தால் போதும் என்கிறது.

இதை எழுதியவர்கள் ரோமாபுரிக்கு எதிரே தங்கள் உரிமையை நிலைநாட்டத்தான் எழுதினார்கள். 'எங்கள் நாட்டு வழக்கப்படி நாங்கள் கும்பிடுகிறோம்' என்பதுதான் சாரம். ஆனால் அந்த வாதத்தை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், நாளை கடலூர்க்காரனோ உகாண்டாவின் கம்பாலாக்காரனோ அதே வாதத்தோடு வந்து நிற்கும்போது மறுக்க முடியாது. ஆங்கிலிக்கன் சபைகளில் இன்று காணும் பண்பாட்டுப் பன்மைக்கு வித்து, இங்கிலாந்து தனக்காகக் கேட்ட அந்தச் சலுகையில்தான் இருக்கிறது. அதை மற்றவர்களுக்கு மனமுவந்து கொடுக்க இங்கிலாந்துக்காரர்களுக்கு ரொம்பக் காலம் பிடித்தது என்பது வேறு கதை.

போப் இல்லை, பெரியப்பா உண்டு

இன்று உலகம் முழுக்க 40-க்கும் மேற்பட்ட மாகாணச் சபைகள் (தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் நாட்டு, வட்டாரச் சபைகள்) சேர்ந்து ஆங்கிலிக்கன் ஐக்கியம் என்று அழைக்கப்படுகின்றன. 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கின்றன. ஆங்கிலிக்கன் என்றதும் நமக்கு லண்டன் குளிரும் கல் கோபுரமும்தான் மனதில் வரும். உண்மையில் நைஜீரியா, உகாண்டா, கென்யா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில்தான் இப்போது கூட்டம் அதிகம்.

இத்தனை சபைகளுக்கும் ஒரே தலைவர் கிடையாது. இங்கிலாந்துத் திருச்சபையின் மூத்த குருவான கான்டர்பரி பேராயருக்கு மரியாதை உண்டு, முதல் இருக்கை உண்டு. ஆனால் கடலூரில் எந்த ஆலயத்துக்கு எந்த ஆயர் வரவேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. நம் வீடுகளில் பெரியப்பா இருப்பதைப் போலத்தான். கல்யாணத்தில் முதல் தாம்பூலம் அவருக்கு. அவர் பேசினால் எல்லாரும் காது கொடுப்பார்கள். ஆனால் தம்பி வீட்டு அடுப்பில் என்ன கொதிக்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. 1867 முதல், ஏறக்குறைய பத்து ஆண்டுக்கொரு முறை, உலகத்தின் பேராயர்களை அவர் லாம்பெத் மாநாட்டுக்கு அழைக்கிறார். அங்கே எடுக்கும் தீர்மானங்கள் ஆலோசனைகள்தான். ஒவ்வொரு மாகாணமும் தன் வீட்டுக்குள் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே சட்டமாகும்.

அப்படியானால் இவர்களை ஒரே குடும்பம் என்று சொல்ல வைப்பது எது? 1888-ல் கூடிய லாம்பெத் மாநாடு இதற்கு ஒரு பதில் சொன்னது. நான்கே நான்கு காரியங்கள். வேதாகமம். அப்போஸ்தல விசுவாசப் பிரமாணம், நிசேயா விசுவாசப் பிரமாணம் என்ற இரண்டு பழைய நம்பிக்கை அறிக்கைகள். ஞானஸ்நானம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து என்ற இரண்டு திருநியமங்கள். பேராயர் ஊழியம். இவ்வளவுதான்.

நான்காவதில் ஒரு வார்த்தைத் தொடர் இருக்கிறது, அதை நான் எப்போது படித்தாலும் நின்று படிப்பேன். பேராயர் ஊழியம் வழிவழியாக வந்ததாக இருக்க வேண்டும், ஆனால் அதை நடத்தும் முறை அந்தந்த நாட்டு மக்களின் தேவைக்கேற்ப உள்ளூரில் தகவமைக்கப்பட வேண்டும் என்கிறது. பொதுவானதை வரையறுக்கிற இடத்திலேயே உள்ளூருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டு எந்த ராகம், ஆலயத்தில் பெஞ்சா பாயா, மணப்பெண்ணுக்கு வெள்ளை உடையா பட்டுப்புடவையா என்பதெல்லாம் அந்த நான்கில் இல்லவே இல்லை.

கடலூருக்கு எப்படி வந்தது

கடலூர்க்காரர்களுக்குக் குண்டு சாலை தெரியும், குண்டு உப்பலவாடி தெரியும். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் கிரயத்தில் சேர்த்தி என்று பேச்சு. அந்தக் குண்டின் ஞாபகம்தான் இந்தப் பெயர்கள். அந்தக் கோட்டைதான் புனித டேவிட் கோட்டை. கம்பெனி ஆட்களுக்கு அங்கே ஆங்கிலத்தில் ஆராதனை நடந்தது. தமிழனுக்கு அதில் வேலை இல்லை.

தமிழில் சுவிசேஷம் வந்தது வேறு வழியாக, அதுவும் சுற்றுவழியாக. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, டென்மார்க் அரசரால் அனுப்பப்பட்ட ஜெர்மானிய லுத்தரன், அதாவது மார்ட்டின் லூத்தர் வழிவந்த சபைக்காரர். அவருடைய மிஷன் 1717-ல் கடலூரில் பள்ளிக்கூடம் ஒன்றைத் தொடங்கியது. அதற்குப் பிறகு 1737-ல் கடலூரில் நிலையான மிஷன் ஏற்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் என்ற லண்டன் ஆங்கிலிக்கன் அமைப்பு. 1698-ல் தொடங்கியது அது. இங்கே வருவதற்கு ஆங்கிலிக்கன் குருமார் கிடைக்காததால் லுத்தரன் குருமாரையே அந்தச் சங்கம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. 1740-ல் கடலூருக்கு வந்த கீர்னாண்டர் சுவீடன்காரர். 1758-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும் அவர் கிளம்பிக் கடைசியில் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்.

ஆங்கிலேயர் பணம், ஜெர்மானியரும் சுவீடன்காரரும் குருமார், பாடம் தமிழில், பக்கத்து ஊரில் பிரெஞ்சுக்காரர்கள். இந்த ஊரில் ஆங்கிலிக்கன் சபையின் வேர் தொடக்கத்திலேயே கலப்பு வேர். கலப்படமில்லாத ஒரு பழைய காலம் இருந்தது, இப்போதுதான் எல்லாம் கலந்து கெட்டுப்போனது என்று யாராவது பேசும்போது எனக்கு இந்தக் கடலூர்க் கதைதான் நினைவுக்கு வரும்.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். கடலூரில் பிறந்த ஆறுமுகம் என்பவர் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் என்ற பெயர் பெற்றார். 1733 டிசம்பர் 28-ல் தரங்கம்பாடியில் அவர் குருவாக அபிஷேகம் செய்யப்பட்டார். இந்தியாவில் புராட்டஸ்டன்ட் குருவாக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் அவர். லுத்தரன் முறைப்படிதான். ஆனாலும் கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் மோசேயின் அண்ணன் ஆரோனைச் சொல்லிக் கொடுக்கும்போது, இந்த ஊர் ஆரோனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

19-ஆம் நூற்றாண்டில்தான் இந்த மிஷன்கள் முழுமையாக ஆங்கிலிக்கன் கைக்கு வந்தன. பொது ஜெபப் புத்தகத்தைத் தமிழில் பெயர்த்தவர்களில் முக்கியமானவர் ராட்லர். ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்து தரங்கம்பாடிக்கு லுத்தரனாக வந்தவர், வேப்பேரியில் ஆங்கிலிக்கன் சபைக்காக வாழ்ந்து முடித்தவர், செடிகொடிகளை ஆராய்ந்தவர், தமிழ் அகராதி செய்தவர். 24-வது கோட்பாடு சொன்ன 'மக்களுக்குப் புரியும் மொழி' என்பது நமக்கு இப்படித்தான் தமிழாக வந்து சேர்ந்தது.

1947

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு நேராக வருகிறேன். நாங்கள் இங்கிலாந்து சர்ச் இல்லை. ஏனென்றால் 1947-க்குப் பிறகு எங்கள் சபை தென்னிந்தியத் திருச்சபை.

கதை 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. ஆங்கிலிக்கன்களும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த காங்கிரிகேஷனல், பிரஸ்பிடேரியன் என்ற, பேராயர் இல்லாத சபைகளின் பின்னணிக்காரர்களுமாகச் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். அதில் முன்னணியில் இருந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயரான முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். அந்த அறிக்கையின் உயிர்நாடி ஒரு வலி. எங்களைப் பிரித்து வைத்திருக்கும் இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை, அவை வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, அவற்றை நிலைநிறுத்த எங்களுக்கு ஆசையும் இல்லை என்றார்கள். யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அரசனுக்கும் சபைக்கும் நடந்த சண்டையில், பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரி பொறுக்கும் குடும்பத்துக்கு என்ன பங்கு? ஆனால் எந்த மிஷன் எந்த ஊருக்கு முதலில் வந்ததோ, அந்தச் சண்டையின் ஒரு கட்சியில் அந்த ஊர் சேர்ந்துவிட்டது.

இருபத்தெட்டு ஆண்டுகள் பேச்சுவார்த்தை நடந்தது. அசரியா முடிவைப் பார்க்கவில்லை, 1945 ஜனவரி முதல் நாளில் காலமானார். 1947 செப்டம்பர் 27, நாடு சுதந்திரம் பெற்று ஆறு வாரம் முடிந்த கையோடு, சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை இணைந்தன. அப்போது ஒரு வாக்குறுதி எழுதி வைத்தார்கள். எந்தச் சபையின் மேலும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையையோ, அந்தச் சபையார் மனச்சாட்சிப்படி ஏற்க முடியாத ஊழியரையோ திணிக்கக் கூடாது என்பது அது. ஒன்றாகச் சேருகிற அன்றைக்கே, வேறுபட்டிருக்கிற உரிமைக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஐக்கியத்துக்காகப் பேசுகிற எந்த அமைப்புக்கும் இது பாடமாக வைக்கத் தகுந்த வரி என்பது என் கருத்து.

இதை ஆங்கிலிக்கன் உலகம் உடனே கைதட்டி வரவேற்றதாக நினைக்க வேண்டாம். பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத பழைய மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன் போதகர்களைத் திரும்ப அபிஷேகம் செய்யாமலே தென்னிந்தியத் திருச்சபை ஏற்றுக்கொண்டதில் பலருக்குச் சங்கடம். முழு உறவு கூடிவர வருடங்கள் ஆயின. இன்று தென்னிந்தியத் திருச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் முழு உறுப்பு. அதே நேரம் உலக மெதடிஸ்ட் குடும்பத்திலும், சீர்திருத்தச் சபைகளின் உலகக் குடும்பத்திலும் அதற்கு இடம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் சபைகள் இதில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலும் ஒரு பேராயம் இருக்கிறது.

அதனால்தான் பந்தியில் 'ஆமாம், இல்லை' இரண்டையும் சொன்னேன்.

வீட்டுக்குள்ளேயே இரண்டு

பண்பாட்டுப் பன்மை என்றால் நைஜீரியாவும் நியூசிலாந்தும் என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அது எங்கள் வீட்டிலேயே இருந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலை கிடைத்து இந்தப் பக்கம் வந்தவர். அம்மா கடலூர் முதுநகர். அப்பா சபைப் போதகரை 'ஐயர்' என்றுதான் சொல்வார். தென்மாவட்டத்தில் அது பழைய வழக்கம். கல்யாணமான புதிதில் "ஐயர் சாயங்காலம் வீட்டுக்கு வாராங்க" என்று அப்பா சொன்னதும், அம்மா பயந்துபோய், காலையில் ஆக்கிய மீன் குழம்புச் சட்டியைப் பின்கட்டில் ஒளித்து வைத்தாளாம். வந்தவர் அங்கி போட்ட ஆயர். அவருக்கு அந்த மீன் குழம்பையே சூடுபண்ணிப் போட்டார்கள். எங்கள் வீட்டில் நாற்பது வருடம் இந்தக் கதை ஓடியது.

வார்த்தை மட்டும் இல்லை. அப்பாவுக்குப் பாமாலைதான் பாட்டு. மேல்நாட்டு மெட்டு, தமிழ் வார்த்தை, நின்ற இடத்தில் அசையாமல் பாட வேண்டும். அம்மாவுக்குக் கீர்த்தனை. ராகமும் தாளமும் தலைப்பிலேயே போட்டிருக்கும், தொடையில் தட்டிக்கொண்டே பாடுவாள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வளர்ந்து வந்த மரபு அது. கடலூர் ஆலயத்தில் ஒரே ஆராதனையில் முதல் பாட்டு பாமாலையாகவும் காணிக்கைப் பாட்டு கீர்த்தனையாகவும் வரும். அப்பாவும் அம்மாவும் மாறி மாறி முகம் மலர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

அறுப்பின் பண்டிகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தில் கோதுமை அறுவடைக்கு நன்றி சொல்லும் வழக்கம்தான் மூலம். எங்கள் ஆலயத்தில் பீடத்தின் முன்னால் பண்ருட்டிப் பலா, முந்திரிக்கொட்டைப் பை, கரும்புக்கட்டு, பூசணி, கால் கட்டிய நாட்டுக்கோழி எல்லாம் வந்து சேரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒருமுறை ஒரு பாட்டியம்மா தன் வீட்டுக் கோழி போட்ட ஏழு முட்டையைத் தவிட்டில் பொதிந்து கொண்டுவந்து வைத்தார். ஏலம் முடியும்போது அந்த முட்டைகள் ஒரு மூட்டை அரிசியின் விலையைத் தாண்டிவிட்டன. எடுத்தவர் அந்த முட்டைகளைப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் அவற்றை மறுபடியும் பீடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கோதுமைத் திருநாள் எங்கள் ஊருக்கு வந்து இப்படித்தான் எங்களுடையதாயிற்று.

தாலியையும் சொல்லலாம். ஆங்கிலிக்கன் ஒழுங்கில் மோதிரம் இருக்கிறது. நம் ஊரில் சிலுவையோ புறாவோ பொறித்த தாலியை ஆயர் ஆசீர்வதித்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டுகிறார். ஜெபமும் உடன்படிக்கை வார்த்தைகளும் மாறவில்லை.

கடல் கடந்தும் இதே வேலை நடந்துகொண்டிருக்கிறது. நியூசிலாந்து ஆங்கிலிக்கன் சபை 1992-ல் தன் அமைப்பையே மாற்றி எழுதியது. மாவோரி மக்கள், ஐரோப்பிய வம்சாவளியினர், பசிபிக் தீவு மக்கள் ஆகிய மூவரும் தங்கள் தங்கள் பண்பாட்டு வழியில் தங்களை நிர்வகித்துக்கொண்டு, பெரிய முடிவுகளில் சமமாகக் கூடுகிற ஏற்பாடு அது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 1989-ல், மாவோரி மொழியும் ஆங்கிலமும் சேர்ந்த ஜெபப் புத்தகத்தை வெளியிட்டிருந்தார்கள். 1988 லாம்பெத் மாநாடும், ஒவ்வொரு சபையும் அந்தந்த மக்களின் பண்பாட்டுக்குள் விசுவாசத்தை வெளிப்படுத்தத் தயங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது.

நாமும் உலகத்துக்கு ஒன்று கொடுத்திருக்கிறோம். 1950-ல் தென்னிந்தியத் திருச்சபை தயாரித்த திருவிருந்து ஒழுங்கில், ஆதிச் சபையில் இருந்து, பின்னால் மேல்நாட்டுச் சபைகளில் பெரும்பாலும் மறைந்துபோன ஒரு பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சமாதானம் பகிர்தல். ஆயர் பீடத்திலிருந்து தொடங்குவார். கொடுப்பவரும் பெறுபவரும் வலது உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர் வலது கையை மற்றவர் தன் இடது கையால் மூடிக்கொள்வார். பிறகு பெற்றவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். வரிசை வரிசையாக அது ஆலயத்தின் கடைசிப் பெஞ்சுவரை போகும். உலகின் பல சபைகள் பிற்பாடு தங்கள் ஒழுங்கைத் திருத்தி எழுதியபோது இந்த ஒழுங்கை எடுத்து வைத்துப் படித்தார்கள்.

சாதியைப் பற்றி

'அவரவர் பண்பாடு அவரவர்க்கு' என்று இதுவரை பேசியதை யாராவது தவறாகப் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்குத் தமிழ்ச் சபைகளே சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஆலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கை. திருவிருந்துக் கிண்ணம் முதலில் யாருக்கு என்பதிலும் வரிசை. அதை நியாயப்படுத்தியவர்கள் சொன்னதும் இதே வாதம்தான்: இது நாட்டு வழக்கம், மதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் தென்னிந்திய மிஷன்களுக்கு எழுதிய கடிதத்தில், சாதி வேற்றுமையை உறுதியாகவும் உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்றார். தஞ்சையிலும் சென்னையிலும் ஏராளமானோர் சபையை விட்டே வெளியேறினார்கள். நான் மேலே மரியாதையோடு குறிப்பிட்ட வேதநாயக சாஸ்திரியாரே சாதி வேற்றுமையை ஒழிக்கும் அந்த முயற்சியை எதிர்த்தவர்களில் ஒருவர். அழகான கீர்த்தனை எழுதிய கை அது. இரண்டையும் சேர்த்தே நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

எதை வைத்து இதைப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த அளவுகோல், லாம்பெத் மாநாடு சொன்ன அந்த நான்கு காரியங்களில் மூன்றாவதான திருநியமங்கள். பாமாலையா கீர்த்தனையா என்பது திருவிருந்துப் பந்தியில் யாரையும் தள்ளி உட்கார வைப்பதில்லை. சாதி தள்ளி உட்கார வைக்கிறது. ஒரே கிண்ணத்தில் குடிக்கிறோம் என்பதுதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம் என்றால், அந்தக் கிண்ணத்துக்கு வரிசை வைக்கிற எதுவும் பண்பாடு என்ற பெயரில் உள்ளே வர முடியாது.

இது பழைய கதை என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. தனித்தனி இருக்கை போய்விட்டது. ஆனால் என் பெரியம்மாவை அடக்கம் செய்யப் போன ஒரு கிராமத்தில், கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு மதில் ஒன்று ஓடியது. எதற்கு என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மண்வெட்டியோடு நின்றவர் மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய அப்பா அந்தப் பக்கம் கிடக்கிறார் என்று பிறகு தெரிந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சபைகளைத் தாங்கி நிற்பவர்களில் பலர் தலித் குடும்பத்தினர். அவர்களுடைய பறையும் பாட்டும் எங்கள் ஆராதனைக்குள் வந்திருக்கிற அளவு குறைவு. பன்மை என்று பேசத் தொடங்கினால் முதலில் அங்கேதான் தொடங்க வேண்டும்.

உலக அளவில் வேறு சண்டைகள் இருக்கின்றன. பெண்களைக் குருவாக்குவதில் மாகாணங்கள் ஒரே மனதாக இல்லை. ஹாங்காங் பேராயர் கையால் 1944-லேயே புளோரன்ஸ் லீ டிம்-ஒய் குருவானார். தென்னிந்தியத் திருச்சபையில் 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார், எங்கள் சபையின் முதல் பெண் பேராயர். சில மாகாணங்களில் இன்றும் பெண்களுக்கு அந்த வாசல் அடைத்தே இருக்கிறது. ஒருபாலினத் திருமணம் பற்றிய கருத்து வேறுபாடு இன்னும் கடுமையானது. 2008-ல் எருசலேமில் ஒரு பகுதியினர் தனியாகக் கூடினார்கள், சில மாகாணங்கள் ஒன்றோடொன்று திருவிருந்தில் கலப்பதையே நிறுத்திவிட்டன. பெரியப்பா கூப்பிட்டும் சில தம்பிகள் வருவதில்லை. கட்டளையிட ஒரு தலைமை இல்லாத குடும்பம் கொடுக்கிற விலை இது.

தானே புயலுக்கு மறுநாள்

பொதுவான அடையாளம் என்பது கையில் பிடிக்க முடியாத ஒன்றாக எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. அதை நான் பார்த்தது 2011-ல்.

டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகம். முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன. மறுநாள் இரவு வருடப்பிறப்பு ஆராதனை. நடக்குமா என்று தெரியாமலே சாய்ந்த வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு நானும் அப்பாவும் ஆலயத்துக்குப் போனோம். வழக்கமாக வருவதில் கால்வாசிப் பேர்கூட இல்லை. கரண்ட் இல்லை. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. பீடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி. ஓடு பெயர்ந்த மூலையிலிருந்து காற்று வந்து அவற்றையும் அணைக்கப் பார்த்தது. ஜெபப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியவில்லை.

ஆயர் சத்தமாக ஆரம்பித்தார். பதில் வசனம் இருட்டிலிருந்து வந்தது. யாரும் எதையும் பார்த்துப் படிக்கவில்லை. பாவ அறிக்கையும், விசுவாசப் பிரமாணமும், பரமண்டல ஜெபமும் அப்படியே வந்தன. என் வலப்பக்கம் அப்பாவின் சாயர்புரம் இழுவை. முன்பெஞ்சில் ஒரு வயதான ஆங்கிலோ இந்திய அம்மா, அவர் எப்போதும் போல ஆங்கிலத்தில், தமிழ் முடியும் இடத்தில் சரியாகத் தானும் முடித்தார். பின்னால் துறைமுகப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், அவர்கள் வீட்டுக் கூரை முந்தின நாள்தான் பறந்திருந்தது. நெய்வேலிக்குத் திரும்பப் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு தெலுங்குக் குடும்பம் தெலுங்கில் சொன்னது. வார்த்தை வேறு, ஆனால் எங்கே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும் என்பது எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது.

பிறகு சமாதானம் பகிர்ந்தோம். மெழுகுவர்த்தி ஒன்று அதற்குள் அணைந்திருந்தது. இருட்டில் ஒரு கை என் பக்கம் நீண்டது. சொரசொரவென்று, இரண்டு விரலில் துணி சுற்றி, அரிவாள் பிடித்துக் காய்த்த கை. பகல் முழுக்க யாருடைய வாசலிலோ மரம் வெட்டியிருக்க வேண்டும். என் இரண்டு கைக்குள் அதை வாங்கிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினேன். யார் கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.